பனை நடும் தர்மம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யாம் பேசப் புகுந்த விஷயம் மனத்திற்கு இன்பந் தருவதன்று. எனினும் பேசாதிருத்தல் தகாதென்று துணிந்தே எழுந்தோம். சென்ற மாதக் கூட்டம் முடிந்து மண்டப வாயிலில் பலரும் நின்று பேசிக்கொண்டிருந்த பொழுது, பெரியவரொருவர் எம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தீராத வியாதி வந்துவிட்டால், ஊரார் கொடுக்கும் பணத்தை அந்தப் பிள்ளையின் சிகிச்சைக்குச் செலவிடுவதல்லவோ முறை? மருந்து கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் ஆராய்ச்சிக்காரர் கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்?" என்றார்.

அவர் வாதத்திற்காகக் கேட்டவரல்லர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் என்ற முறையில் கேட்டார். அப்பொழுது விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. ஒரு மாத காலம் அதைப் பற்றியே படித்தும் சிந்தித்தும் வந்தோம். கண்டதை இன்று உங்கள் முன்னிலையில் வைக்கின்றோம். அமெரிக்க தேசத்துக் குடும்பம் ஒன்றின் வரலாறே நமக்கு ஆதாரமாகும்.

முதலில் அவ்வியாதி இன்னதென்று அறிதல் வேண்டும். அதனை வைத்தியர்கள் அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ் என்பர், சுருக்கமாக ஏ.எல்.எஸ். என வழங்குவர். பிரான்சு தேசத்து நரம்பு வைத்திய நிபுணராகிய ஷார்க்கோ என்பவர் 1869ஆம் ஆண்டில் இதன் இலக்கணத்தை வகுத்துக் காட்டினார். அமெரிக்கர் இதனை லூ கெரிக் வியாதி என்றும் சொல்லுவர். லூ கெரிக் என்பவர் 2,130 பந்தாட்டங்களில் ஒன்றையேனும் தவறவிடாமல் தொடர்ந்து ஆடிய வீரர். இரும்புக் குதிரை என்று பெயரெடுத்த அவருக்கு 1939ஆம் ஆண்டில் இவ்வியாதி இன்னதெனத் தெரியவந்தது; 1941ஆம் ஆண்டில், 37ஆம் வயதில், அவர் மாண்டார்.

நாம் கையை உயர்த்த நினைக்கின்றோம், கை உயர்கின்றது. இடையில் நடப்பது யாது? மூளையிலிருந்து புறப்படும் ஆணையை ஒரு நரம்பணு முதுகுத் தண்டு வரையில் கொண்டு வருகின்றது. அங்கிருந்து மற்றோர் அணு அதனைத் தசைக்குக் கொண்டு சேர்க்கின்றது. இவ்வியாதியில் இவ்விரு வகை அணுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. வாய்க்கால் தூர்ந்துபோனால் வயல் காய்வது போல, ஆணை வந்து சேராத தசை மெலிந்து உலர்கின்றது. முதலில் சட்டைப் பொத்தான் மாட்ட விரல் மறுக்கும். அல்லது கால் இடறும். அல்லது நாக் குழறும். பின்னர் நடை போகும், பேச்சுப் போகும், விழுங்கும் சக்தி போகும். முடிவில் மூச்சு விடும் தசைகளும் ஓயும். ஆனால் கண் காணும், செவி கேட்கும், தொட்டால் தெரியும், பெரும்பாலோர்க்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். தம் தேகம் அடைபடுவதைத் தாமே பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமை இது.

பெரும்பாலோர் முதற்குறி தோன்றியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே ஜீவித்திருப்பர். 21ஆம் வயதில், 1963ஆம் ஆண்டில், வியாதி கண்டறியப்பெற்று 2018 வரையில் வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் போன்றோர் மிக அரியர். பெரும்பாலும் ஐம்பது வயது கடந்தோர்க்கே இது வருகின்றது. அதனாலேயே வாலிபர் ஒருவருக்கு வரும்பொழுது வைத்தியருங்கூட எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை.

பீட் பிரேட்ஸ் என்பவர் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பெவர்லி நகரத்தார். பாஸ்டன் காலேஜ் பேஸ்பால் குழுவுக்குத் தலைவராயிருந்தவர். 2011ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் ஆட்டத்தில் ஒரு பந்து அவர் மணிக்கட்டில் பட்டது. சாதாரணக் காயமென்றே எல்லோரும் எண்ணினர். காயம் ஆறிற்று, கையின் பலம் திரும்பவில்லை. மாதங்கள் பல கழிந்து, 2012 மார்ச்சு மாதத்தில், பெற்றோரும் உடனிருக்க, வைத்தியர் வியாதியின் பெயரைச் சொன்னார். அப்பொழுது அவருக்கு வயது 27.

அன்று மாலை அக்குடும்பம் வீட்டில் கூடிற்று. இப்படிப்பட்ட செய்தி வந்த வீட்டின் நிலையை நாம் எல்லோரும் ஊகிக்கக்கூடும். ஆனால் நோயாளியே முதலில் வாய் திறந்தார். துக்கித்துக்கொண்டிருத்தல் வேண்டாம் என்றார். லூ கெரிக் காலத்திலிருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தமக்குச் சொல்லப்பட்ட விடை ஏறக்குறைய அவருக்குச் சொல்லப்பட்டதே என்பதைக் கண்டு, இதனை உலகத்தார் கண்முன் நிறுத்துவோம், பில் கேட்ஸ் போன்ற பெருந்தனவந்தர்களின் கவனத்திற்கும் கொண்டுபோவோம் என்றார். 1995ஆம் ஆண்டில் வந்த ரிலுசோல் என்ற மருந்தொன்றுதான் அப்பொழுது வழக்கில் இருந்தது. அதுவும் சில மாத ஆயுளை நீட்டித் தருவதே. இந்நிலையில் பிள்ளை சொன்ன சொல்லைப் பெற்றோர் ஏற்றனர். தாயார் நான்சியும் தந்தையார் ஜானும் மேடையேறிப் பேசலாயினர்.

நம்மிடையே இத்தகைய குடும்பம் என்ன செய்திருக்கும்? உள்ளதைச் சொல்லுகின்றோம், கோபித்துக்கொள்ளல் வேண்டாம். கதவைச் சாத்தியிருக்கும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுப்பாரும் பெண் எடுப்பாரும் இல்லாமற் போவரே என்றஞ்சி வியாதியின் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கும். உண்மை யாதெனில், இவ்வியாதியுடையோருள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறொருவருக்கும் அது இருந்ததில்லை. மறைப்பதால் கலியாணங்கள் நிலைக்கின்றனவோ இல்லையோ, நோயாளிக்கு வரவேண்டிய துணை வாசலிலேயே திரும்பிவிடுகின்றது. பிரேட்ஸ் குடும்பம் கதவைத் திறந்து வைத்தது.

2014ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு விளையாட்டு நடந்துவந்தது. பனிக்கட்டி கலந்த நீரை ஒருவர் தம் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அடுத்தவரையும் அவ்வாறு செய்ய அழைப்பர். ஏதேனும் ஒரு தர்மத்திற்குப் பணம் தருவர். ஜூலை மாதம் 15ஆம் தேதி, பிளாரிடா மாகாணத்துக் கோல்ப் ஆட்டக்காரர் கிறிஸ் கென்னடி என்பவர் அதனை ஏ.எல்.எஸ். வியாதியின் பொருட்டுச் செய்தார். அவருடைய உறவுப் பெண்ணின் கணவர் ஆன்டனி செனர்க்கியா என்பவர் பல ஆண்டுகளாக அவ்வியாதியால் வருந்தி வந்தார். அச்செய்தி நியூயார்க்கு மாகாணத்து யாங்கர்ஸ் நகரில் இருந்த பேட் குவின் என்பவருக்கு எட்டிற்று; அவர் 30ஆம் வயதிலேயே அதே வியாதிக்கு ஆளானவர். அவரிடமிருந்து பீட் பிரேட்ஸிடம் வந்தது. ஜூலை 31ஆம் தேதி பிரேட்ஸ் தம் படத்தை வெளியிட்டார். அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பாட்டுக்குத் தலையை அசைத்தார்; நண்பர்களை அழைத்தார்; அவ்வளவே.

பின்னர் நிகழ்ந்தது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். 1 கோடியே 70 லட்சம் பேர் தாம் நனைந்த படங்களை வெளியிட்டனர். பில் கேட்ஸும் நனைந்தார். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்திற்கு மட்டும் சில வாரங்களில் 11 கோடியே 50 லட்சம் டாலர் சேர்ந்தது. உலகெங்கும் சேர்ந்தது 22 கோடி டாலர் என்பர். வேடிக்கைக்காகச் செய்தனர், வியாதியின் பெயரும் அறியாமல் செய்தனர் என்று அப்பொழுதே சிலர் குறை கூறினர். அதிலும் உண்மையுண்டு. ஆயினும் வேடிக்கை பார்க்க வந்தவன் கையிலிருந்தும் காசு விழுமாயின் உண்டியல் அதை வேண்டாமென்று தள்ளுவதில்லை.

நமது சங்கத்தார் கணக்கில் கண்ணுடையோர் ஆதலின் கணக்கையும் சொல்லுவோம். அச்சங்கம் தனக்கு வந்த தொகையில் நூற்றுக்கு 67 பங்கு, அதாவது 7 கோடியே 70 லட்சம் டாலர், ஆராய்ச்சிக்கு ஒதுக்கிற்று. நூற்றுக்கு 20 பங்கு நோயாளிகளின் பராமரிப்புக்கும், 9 பங்கு வியாதியைப் பற்றிய அறிவைப் பரப்புதற்கும், எஞ்சியது வசூல் செலவுக்கும் என அச்சிட்டு வெளியிட்டது. பொதுப் பணத்தை வாங்கியவர் இவ்வாறு பங்கு பிரித்துச் சொல்லுதல் கடமையாகும்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அப்பணத்தால் அப்பிள்ளை பிழைத்தானா? இல்லை. ஆன்டனி செனர்க்கியா 2017ஆம் ஆண்டில் 46ஆம் வயதில் மாண்டார். பீட் பிரேட்ஸ் 2019 டிசம்பர் 9ஆம் தேதி 34ஆம் வயதில் மாண்டார். பேட் குவின் 2020 நவம்பரில் 37ஆம் வயதில் மாண்டார். எவருடைய பெயரால் உலகம் நனைந்ததோ அவர்களுள் ஒருவரும் நனைந்ததன் பலனை அனுபவிக்கவில்லை. இதை மழுப்பிச் சொல்லுதல் பாவம்.

நம் நாட்டில், தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று ஒரு பழமொழி வழங்குகின்றது. ஆராய்ச்சி என்பது பனை வகையைச் சேர்ந்தது. அதன் வளர்ச்சியின் கணக்கை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். இவ்வியாதிக்குக் காரணமாகும் பரம்பரைக் கூறுகளில் ஒன்றாகிய எஸ்.ஓ.டி.1 என்பதை 1993ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அக்கூறு பழுதுபட்டோர்க்கென்று டோபெர்சன் என்ற மருந்து அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றது 2023ஆம் ஆண்டில். இடையே 30 ஆண்டுகள். அம்மருந்தும் நோயாளிகளில் நூற்றுக்கு இருவர் போன்ற சிறு தொகையினர்க்கே உரியது. 1993இல் வியாதி கண்டவர்களில் 2023ஐப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பர்? ஆயினும் அன்று யாரோ விதை ஊன்றியிராவிடில் இன்று அவ்விருவர்க்கும் ஒன்றுமில்லை.

நீர்வாளிப் பணமும் அவ்வாறே வேர் விட்டது. 2016ஆம் ஆண்டில், 11 தேசங்களைச் சேர்ந்த 80க்கு மேற்பட்ட ஆராய்ச்சியாளர் கூடி, நெக்1 என்ற மற்றொரு பரம்பரைக் கூற்றுக்கும் இவ்வியாதிக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். அவ்வேலைக்கு உதவிய பணத்தில் நீர்வாளிப் பணமும் ஒன்று. அப்பொழுது பிரேட்ஸ் உயிரோடிருந்தார். தாம் நட்டது முளைவிட்டதை அவர் பார்த்தார் என்னலாம்.

முளைவிட்ட எல்லாம் மரமாவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே பணத்தில் 22 லட்சம் டாலர் பெற்று வளர்ந்த ஒரு மருந்து, ரெலிவ்ரியோ என்ற பெயருடன் 2022 செப்டம்பரில் அனுமதி பெற்றது. எத்தனையோ குடும்பங்கள் அன்று விளக்கேற்றி மகிழ்ந்திருக்கும். பின்னர் 664 நோயாளிகளைக்கொண்டு பெரும் பரீட்சை நடந்தது. 2024 மார்ச்சில் முடிவு வந்தது: மருந்துண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் பொருட்படுத்தத் தக்க வேறுபாடில்லை. அடுத்த மாதமே கம்பெனியார் அம்மருந்தைக் கடையிலிருந்து எடுத்துவிட்டனர். இதைக் கேட்டு, பணம் வீணாயிற்று என்று சொல்லத் தோன்றும். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். பின்னர் வேறொரு குடும்பத்தின் கதை எம் எண்ணத்தைத் திருத்திற்று.

அதே மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த, வீடு கட்டும் தொழில் செய்துவந்த ஸ்டீபன் ஹேவுட் என்ற வாலிபருக்கு, 1998ஆம் ஆண்டில், 29ஆம் வயதில், இவ்வியாதி கண்டது. அவருடைய தமையனார் ஜேமி ஹேவுட் இயந்திர நூல் வல்லுநர், வைத்தியம் பயின்றவரல்லர். தம்பியைக் காக்க வேண்டுமென்ற ஒரே வேகத்தால் தம் உத்தியோகத்தை விட்டு, 1999ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். குடும்பத்தார் பணம் திரட்டினர். சுண்டெலிகளுக்கு இவ்வியாதி வரச் செய்து, கிடைத்த மருந்துகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தனர். ஸ்டீபன் 2006ஆம் ஆண்டில் இறந்தார். அந்த ஸ்தாபனத்தார் 2008ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். 70க்கு மேற்பட்ட மருந்துகள், 18,000 சுண்டெலிகள், ஒரு மருந்துகூட உறுதியான பலன் தரவில்லை. அன்றியும், பிறர் முன்பு பலன் கண்டதாக அச்சிட்டிருந்த மருந்துகளும் இவர்களுடைய பரீட்சையில் நிலைக்கவில்லை. சில சுண்டெலிகளை மட்டும் வைத்துப் பார்த்ததால், தற்செயலாக நேர்ந்த வேறுபாட்டை மருந்தின் குணமென்று அவர்கள் மயங்கியிருந்தனர்.

தம்பியை இழந்த குடும்பம் ஏற்படுத்திய ஸ்தாபனம், "இல்லை" என்ற விடையை உலகறியச் சொல்லிற்று. இதைவிடப் பெரிய நேர்மை எது? இருட்டில் கிணற்றின் அருகே செல்பவனுக்கு, இங்கே படியில்லை என்று ஒருவன் கூவிச் சொன்னால் அதுவும் உபகாரமே. பின்வந்த ஆராய்ச்சியாளர் இன்னும் கண்டிப்பான முறையில் பரீட்சை செய்யக் கற்றது இத்தகைய "இல்லை"களாலேயே.

ஆயினும் பெரியவர் கேள்வியின் மறுபாதி இன்னும் நிற்கின்றது. ஆராய்ச்சி வளரட்டும், இன்று கட்டிலில் கிடப்பவனுக்கு யார்? இங்கே அவர் சொன்னது முழு நியாயம் என்று ஒப்புக்கொள்கின்றோம். பிரேட்ஸ் குடும்பமே அதற்குச் சாட்சி. உலகத்திற்குக் கோடிக்கணக்கான டாலர் சேர்த்துக் கொடுத்த அவ்வீட்டில், மகனை மருத்துவமனைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் காப்பதற்கு மாதந்தோறும் 85,000 முதல் 95,000 டாலர் வரை செலவாயிற்று என்று 2017ஆம் ஆண்டில் செய்தி வந்தது. சுவாச யந்திரத்தை நம்பியிருப்பவர் அருகே இரவும் பகலும் பயின்ற தாதி வேண்டும். அவர் மனைவி ஜூலி, 2014ஆம் ஆண்டில் பிறந்த பெண் குழந்தையை ஒரு கையாலும் கணவரை மறுகையாலும் தாங்கினார். ஆகவே அக்குடும்பத்தார், மற்ற நோயாளிகளின் வீட்டுப் பராமரிப்புக்கு உதவுவதற்கென்றே ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தம் பெயரால் நிறுவினர். பனையை நட்டவர்களே நிழற்பந்தலும் போட்டார்கள். இரண்டில் ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யவேண்டியதில்லை என்பது அவர்கள் கருத்தன்று.

இது தூர தேசத்துக் கதை, நமக்கென்ன என்பார்க்கு ஒரு வார்த்தை. நம் சென்னைப் பட்டணத்திலேயே, மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், இராமமூர்த்தி என்னும் மூன்று வைத்தியர்கள், இளவயதினர்க்கு வரும் இவ்வினத்து நோய் ஒன்றை ஆராய்ந்து 1970ஆம் ஆண்டில் எழுதினர். கை கால் மெலிதல், முகத் தசையும் நாவும் தளர்தல், செவி மந்தமாதல் ஆகிய குறிகளை அதற்குக் கண்டனர். அது மெதுவாகச் செல்வது. அதனையுடையோர் பல்லாண்டு வாழ்வர். இன்று உலகத்து வைத்திய நூல்களில் அது மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று நம் பட்டணத்தின் பெயராலேயே வழங்குகின்றது. கை மெலிந்த வாலிபர் எல்லோருக்கும் ஒரே விதி என்று கருதிக் கைவிடுதல் பிழை என்பதை, நம் ஊர் நோயாளிகளைப் பொறுமையுடன் பார்த்தவர்களே உலகத்திற்குக் கற்பித்தனர். அதுவும் ஆராய்ச்சியே.

ஆதலின் நமது குடும்பங்கள் கைக்கொள்ளத் தக்கவை என்று எமக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, வாலிபராயினும் கை கால் பலம் காரணமின்றிக் குறையுமாயின், திருஷ்டியென்றும் பலவீனமென்றும் நாள் போக்காமல் நரம்பு வைத்திய நிபுணரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, வியாதியை மறைத்தலாகாது. சம்பந்தம் பேச வருவோரும், ஒரு வீட்டில் நோயாளி இருப்பதை அவ்வீட்டின் குற்றமாகக் கொள்ளுதல் கூடாது. இவ்விரண்டாவது பாதியை நாம் அனைவரும் ஏற்றாலன்றி முதற்பாதியை எவரும் நிறைவேற்றார்.

மூன்றாவது, நிச்சயமாகக் குணப்படுத்துவோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 70 மருந்துகளைச் சோதித்து இல்லையென்று சொன்னவர் யோக்கியர். ஒன்றையும் சோதியாமல் உண்டென்பவர் யார் என்பதை நீங்களே நிதானித்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் நகையையும் இவர்கள் வாசலில் இழந்த குடும்பங்கள் உண்டு.

நான்காவது, இத்தகைய நோய்க்கென்று நாம் பணம் திரட்டும்பொழுது இரண்டு உண்டியல்கள் வைத்தல் வேண்டும். ஒன்று நோயாளிக்கும், அவனைத் தூக்கிப் படுக்க வைக்கும் தாய்க்கும் மனைவிக்கும், மற்றொன்று ஆராய்ச்சிக்கு. முதலது நிறையாமல் இரண்டாவதை நிரப்புதல் அன்பின்மை. இரண்டாவதை அடியோடு வையாதிருத்தல் நம் பேரப்பிள்ளைகளை மறத்தல். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு நமது பத்திரிகையில் வெளிவருதல் வேண்டும்.

எம்மைக் கேள்வி கேட்ட பெரியவர் இதோ முன்வரிசையிலேயே வீற்றிருக்கின்றார். ஐயா! அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம் என்றீர்கள். மருந்து என்ற லாபம் அவனுக்கு வரவில்லை. ஆனால் வைத்தியர் அவனுக்கு இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று சொன்ன அன்று மாலையே அவன் தனக்கொரு வேலையைத் தேடிக்கொண்டான். கை போயிற்று, கால் போயிற்று, பேச்சும் போயிற்று. அந்த வேலை மாத்திரம் ஏழாண்டுக் காலம் அவனிடம் இருந்தது. பெற்றோரும் மனைவியும் அவன் சாவுக்குக் காவலிருந்தவர்களாக அல்லாமல், அவனுடைய வேலைக்குத் துணைநின்றவர்களாக வாழ்ந்தார்கள். பிள்ளைக்குத் தரக்கூடியது வேறெதுவும் கையில் இல்லாத நாளில், பெற்றவர்கள் இதையேனும் தந்தார்கள். இதனை லாபக் கணக்கில் எழுதுவதா நஷ்டக் கணக்கில் எழுதுவதா என்பதை உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் விட்டுவிடுகின்றோம்.